ரீப் என்றொரு வினைச்சொல்

கலைமதி எம்.ஏ. ஆங்கிலம் முடித்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. மரக்காணத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலை காலி என்று தெரிந்ததும் விண்ணப்பித்தாள். மாதிரி வகுப்பு எடுக்கக் கூப்பிட்டார்கள்.

நாற்காலிகளில் தலைமையாசிரியை வினோதினியும் பள்ளித் தாளாளர் பக்தவச்சலமும் உட்கார்ந்திருந்தார்கள். 'ரீப்' என்ற வினைச்சொல்லை எட்டாம் வகுப்புக்கு நடத்துவதுபோல நடத்தச் சொன்னார் வினோதினி.

கலைமதி கரும்பலகையில் எழுதினாள். முதல் பொருள், விளைந்த பயிரை அறுப்பது. இரண்டாவது, ஒன்றின் பலனை அடைவது. விவசாயி நெல்லை ரீப் செய்கிறான். படித்தவன் பலனை ரீப் செய்கிறான். வினோதினி தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

"அதெல்லாம் புத்தகத்துலயே இருக்குது. சொந்தமா ஒண்ணு சொல்லும்மா" என்றார் பக்தவச்சலம்.

அவள் யோசிக்கவில்லை. "என் அம்மா உப்பை ரீப் செய்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

பக்தவச்சலம் வாய்விட்டுச் சிரித்தார். "உப்பு இன்னா நெல்லா, அரிவாள் வச்சு அறுக்க? உப்பைப் பலகையால வார்றதுன்னுதானே சொல்லுவாங்க? அதுக்கு இந்த வார்த்தை சரிப்படாதும்மா."

அவர் சொன்னது சரிதான். கலைமதிக்கு முகம் சுட்டது.

"உங்கம்மா எந்த உப்பளத்துல வேலை செய்யறாங்க?"

"உங்களோடதுலதான் சார். பத்தொன்பது வருஷமா. பேரு ஆராயி."

"அப்படியா? எத்தனையோ பேர் வர்றாங்க, போறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கலைமதி சாக்பீஸை வைத்தாள். அப்போதே நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். அம்மாவின் உள்ளங்கால் வெடிப்புகள் கண்முன் வந்து நின்றன. ராத்திரி எண்ணெய் தடவும்போது அவள் பல்லைக் கடித்துக்கொள்வதும் வந்தது.

"நீங்க சொன்னது கரெக்ட் சார். எங்கம்மா வார்றாங்க, அவ்வளவுதான். ரெண்டாவது அர்த்தத்தைப் பார்த்தா, ரீப் பண்றது நீங்க."

வினோதினியின் பேனா நின்றது. பக்தவச்சலம் கதவைக் கையால் காட்டினார்.

வேலை வேறொரு பெண்ணுக்குப் போனது. அதைக் கலைமதி எதிர்பார்த்தாள். எதிர்பாராதது இரண்டு நாள் கழித்து நடந்தது. ஆராயி காலை ஏழு மணிக்கே உப்பளத்திலிருந்து திரும்பி வந்தாள். மேஸ்திரி முருகையன் அவளைப் பாத்தியிலேயே இறங்க விடவில்லையாம்; காரணத்தை மகளிடமே கேட்கச் சொன்னாராம்.

"இன்னாடி பேசிட்டு வந்த அங்க?"

கலைமதி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ஆராயிக்கு அந்த ஆங்கில வார்த்தை வாயில் நுழையவில்லை. அர்த்தம் மட்டும் ஒரே தடவையில் புரிந்தது. அவள் திட்டவில்லை. அன்றும் மறுநாளும் மற்ற உப்பளங்களில் போய்க் கேட்டாள். ஆள் போதும் என்றார்கள்.

மூன்றாம் நாள் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு வெளியே போனவள், மத்தியானம் திரும்பினாள்.

"நாளையிலிருந்து வரச் சொல்லிட்டாரு" என்றாள்.

"யாரு?"

"முதலாளிதான். வீட்டுக்குப் போயிருந்தேன். ஒரு மணி நேரம் வாசல் கேட்டுகிட்ட நின்னேன்."

"அவர்கிட்ட இன்னாம்மா சொன்ன?"

"புத்தி கெட்ட பொண்ணுங்கையா, தெரியாம பேசிடுச்சு, மன்னிச்சுடுங்கன்னு சொன்னேன்."

"தெரிஞ்சுதாம்மா பேசினேன்."

"அது எனக்குத் தெரியாதா? அவருக்கும் தெரியும்" என்றாள் ஆராயி. புடவையை மாற்றிக்கொண்டு சோறு போட்டுச் சாப்பிட்டாள். மகளுக்கும் ஒரு தட்டில் போட்டு வைத்தாள். கலைமதி அதைத் தொடவில்லை.

மறுநாள் விடிவதற்குள் ஆராயி உப்பளத்துக்குக் கிளம்பிவிட்டாள். கலைமதி புதுச்சேரி பஸ் ஏறினாள். அங்கே ஒரு செல்போன் கடையில், ஆங்கிலம் பேசத் தெரிந்த பெண் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.