யார் வீட்டுப் பையன்

எச்சில் வரவேயில்லை. டேவி மாஃபட் சமையலறை மேசை முன் உட்கார்ந்து, அந்தச் சின்னக் குழாயை உதட்டில் வைத்தபடி சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே காற்று கோழிக்கூண்டின் தகரத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸுக்கு அபர்டீனிலிருந்து வந்திருந்த மகள் ஷீனா எதிரே உட்கார்ந்து, எலுமிச்சம்பழத்தை நினைத்துக்கொள்ளச் சொன்னாள். அவருக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வயதில் குழாயில் துப்பி, மரபணுச் சோதனைக்கு அனுப்பி, யாரைக் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது என்று சலிப்பாக இருந்தது.

"கிடாவுக்குத்தான்மா வம்சம் பாத்து வாங்குவாங்க. என்னை யாரு வாங்கப்போறா?"

ஷீனா சிரித்தாள், அவரும் சிரித்தார். சிரித்ததில் எச்சில் ஊறிவிட்டது.

கிளாஸ்கோ நகராட்சி அவரை ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் இருக்கும் இந்த டயரீ தீவுக்கு அனுப்பியபோது அவருக்கு ஐந்து வயது. ஆதரவில்லாத பிள்ளைகளைத் தீவுகளில் இருக்கும் குடியானவர் வீடுகளில் கொண்டுபோய் விட்டு, வளர்ப்பதற்குக் கூலி கொடுக்கிற வழக்கம் அப்போது இருந்தது. கோட்டில் பெயர்ச்சீட்டு குத்தியபடி கப்பலிலிருந்து இறங்கிய டேவியை ஹெக்டர் என்பவர் கூட்டிப்போனார். ஹெக்டருக்குப் பிள்ளை தேவைப்படவில்லை, சாணி அள்ள ஆள் தேவைப்பட்டது. கொட்டகைப் பரணில் படுக்கை. வேலை சுணங்கினால் இடுப்பு வாரைக் கழற்றுவார். அதையெல்லாம்கூட டேவி ஒருவிதமாகத் தாங்கிக்கொண்டார். தாங்க முடியாமல் போனது வேறொன்று. தீவில் எந்தப் பிள்ளையை வழியில் பார்த்தாலும் பெரியவர்கள் முதலில் கேட்பது, நீ யார் வீட்டுப் பையன் என்றுதான். பிள்ளை தன் பெயரோடு அப்பன், பாட்டன், முப்பாட்டன் பெயர்களைக் கோத்து ஒரே மூச்சில் சொல்லும். டேவி வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நிற்பவன் முந்திக்கொண்டு, அவன் கிளாஸ்கோக்காரன் என்று சொல்லிவிடுவான். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த பையனிடம் போய்விடுவார். ஒரே வருடத்தில் தீவு ஆட்கள் பேசும் கேலிக் மொழி பழகி, அதிலேயே கனவும் கண்டு, தீவுப் பெண் எஃபியைக் கல்யாணம் செய்து, புயலில் பிய்ந்த கூரைகளைப் பாதித் தீவுக்குச் சரிசெய்து கொடுத்த பிறகும் அவர் கிளாஸ்கோ டேவிதான்.

எஃபி உயிரோடு இருந்தபோது தேடிப் பார்த்தாள். பிறப்புச் சான்றில் தாயின் பெயர் மார்கரெட் மாஃபட், வீட்டு வேலைக்காரி என்று இருந்தது. தகப்பன் பெயர் இல்லை. இருவரும் கிளாஸ்கோ போய்ப் பதிவேடுகளைப் புரட்டினார்கள். வயதுக்குப் பொருந்துகிற மாதிரி அப்படி ஒருத்தி பிறந்ததாகவும் இல்லை, மணந்ததாகவும் இல்லை, செத்ததாகவும் இல்லை. இல்லாத ஒருத்திக்குப் பிறந்தவன் நான் என்று டேவி மதுக்கடையில் சொல்லிச் சிரிப்பார். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதில்லை.

பிப்ரவரியில் ஷீனா போன் செய்தாள். முதலில் உட்காரச் சொன்னாள். முடிவு வந்துவிட்டதாம். தீவு ஆட்கள் எத்தனையோ பேருடைய பெயர்கள் வரிசையாக வருகின்றனவாம். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது மோர்வன்.

"எந்த மோர்வன்?"

"நம்ம நர்ஸ் மோர்வன்தாம்ப்பா. ஆர்ச்சி பொண்ணு. உங்களுக்கு மாமன் மக."

ஆர்ச்சிக்குக் கூடப்பிறந்தது ஒரே அக்கா, இஷ்பல். கல்யாணம் ஆகாதவள். வயசில் கிளாஸ்கோவில் வீட்டு வேலைக்குப் போயிருந்து, தாய் இறந்ததும் தகப்பனைப் பார்த்துக்கொள்ளத் தீவுக்குத் திரும்பினாள். பள்ளிக்கூடத்தில் சமையல்காரியாக இருந்தாள். இறந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது.

டேவி போனை மேசையில் வைத்தார். பள்ளியில் படித்த அத்தனை வருடமும் மத்தியானச் சாப்பாட்டை அந்தக் கையிலிருந்துதான் வாங்கினார். கொத்துக்கறியும் உருளைக்கிழங்கும். தனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழுந்ததுண்டா என்று யோசித்தார். தட்டும் கரண்டியும் ஞாபகம் வந்தன, வெள்ளை ஏப்ரன் ஞாபகம் வந்தது. முகம் வரவில்லை. அவள் எப்போதும் குனிந்துதான் பரிமாறுவாள். பின்னாளில் அவள் வீட்டுக் கூரைக்குத் தகரம் மாற்றப் போயிருக்கிறார். வேலை முடிந்ததும் டீயும் வெண்ணெய் தடவிய ஸ்கோன் ரொட்டியும் கொடுத்தாள். அந்தச் சமையலறையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் என்ன பேசினோம் என்று தோண்டிப் பார்த்தார். கோழிகளைப் பற்றிப் பேசியது மட்டும் அகப்பட்டது. அவள் சாவுக்கும் போயிருந்தார். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளை முறைப்படி உறவுக்காரர்கள் பிடித்தார்கள், தலைமாட்டுக் கயிறு தம்பி ஆர்ச்சியின் கையில் இருந்தது. டேவி தள்ளி நின்று, எல்லோரும் நகர்ந்த பிறகு மண்வெட்டியை எடுத்துக் குழியை மூடினார்.

அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்காது என்றாள் ஷீனா. எந்தப் பிள்ளையை எங்கே அனுப்பினார்கள் என்று தாய்மாருக்கு அலுவலகத்தில் சொல்லவே மாட்டார்களாம். பாவம், பெற்ற பிள்ளை என்று தெரியாமலே சோறு போட்டிருக்கிறாள். ஷீனா தினமும் போன் செய்து இதைச் சொன்னாள். டேவியும் அதைப் பிடித்துக்கொண்டார். கடைக்குப் போகும்போது, தேவாலயத்தில் நிற்கும்போது, எதிரே வருகிற முகங்களை உற்றுப்பார்த்தார். இந்த மூக்கு என் மூக்கு என்று ஒன்றிரண்டு பேரிடம் தோன்றியது. யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் அவர் நடையே மாறியிருந்தது.

மோர்வன் அவளாகவே வந்தாள். காரை அணைக்காமல் வாசலில் நின்று, தானும் பட்டியலைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்பாவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது, ஆனால் புத்தி தெளிவாக இருக்கிறது, கேட்பதென்றால் இப்போதே கேட்டுவிட வேண்டும் என்றாள். அவரைக் காரில் ஏற்றி முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போனாள். அறைக்குள் விட்டுவிட்டு, டீ கொண்டுவருகிறேன் என்று போய்விட்டாள்.

ஆர்ச்சி சன்னலோரம் முழங்காலில் கம்பளியோடு உட்கார்ந்திருந்தார். டேவி வழியெல்லாம் ஒரு வார்த்தையை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்திருந்தார். மாமா. அறைக்குள் நுழைந்ததும் அதைச் சொல்லாமல் தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

"மோர்வன் சொல்லிட்டா. உட்காரு" என்றார் ஆர்ச்சி.

டேவி உட்கார்ந்தார். கடலையும் கப்பல் வராததையும் பற்றிப் பேச எடுத்துவிட்டு, பாதியில் விட்டார்.

"நான் அவங்க புள்ளைன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

ஆர்ச்சி கம்பளியின் ஓரத்தை மடித்தார், பிரித்தார்.

"கப்பலடியிலயே தெரியும். பள்ளிக்கூடத்துக்கு மாவு மூட்டை எடுக்கப் போயிருந்தா. உன் கோட்டுல சீட்டு குத்தியிருந்துச்சு. மாஃபட்னு. அந்தப் பேரே அவ இட்டுக்கட்டினதுதானே, ஆஸ்பத்திரியில வச்சு. வேற யாருக்கும் தெரியாத பேரு. எத்தனையோ தீவு இருக்கு. இங்க கொண்டாந்து இறக்கினாங்க."

அன்று சாயங்காலம் மாட்டுக்கொட்டகைக்கு வந்து, அவன் வந்துட்டான் என்று மட்டும் அவள் சொன்னதாக ஆர்ச்சி சொன்னார். அப்போது தகப்பன் இருந்தார். கடுமையான மனிதர், தேவாலயத்து மூப்பர். அவருக்குத் தெரிந்தால் வீட்டை விட்டே துரத்தியிருப்பார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கே ஆர்ச்சி அக்காவிடம், போய்ச் சொல்லிவிடு என்றாராம். டேவி அப்போது மீசை அரும்பிய பையன்.

"என்ன சொன்னாங்க?"

"இத்தன வருஷம் என் கையால சோறு போட்டேன், வாயத் திறக்கல. இனி எந்த முகத்தோட போய்ச் சொல்றதுன்னா. அப்புறம் உனக்குக் கல்யாணம் ஆச்சு. நல்லாத்தானே இருக்கான், விட்டுடுன்னா. நானும் விட்டுட்டேன்."

தன் தகப்பன் யார் என்று டேவி கேட்டார். அவள் கடைசிவரை சொல்லவில்லை, தானும் கேட்கவில்லை என்றார் ஆர்ச்சி. நடைவழியில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் ஓயும்வரை டேவி காத்திருந்தார்.

"ஹெக்டர் என்னை அடிச்சது?"

ஆர்ச்சி முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார். அவருடைய மூக்கு டேவியின் மூக்குதான்.

"எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

டேவிக்கு வைய வேண்டும்போல் இருந்தது, ஆனால் யாரை வைவது என்று தெரியவில்லை. எதிரே இருந்த கிழவர் கம்பளியின் ஓரத்தை மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தார். மோர்வன் டீயைக் கொண்டுவந்து வைத்தாள். மூவரும் குடித்தார்கள். ஆர்ச்சியின் கோப்பை சாய்ந்தபோது டேவிதான் எழுந்துபோய்ப் பிடித்தார். கிளம்பும்போது ஆர்ச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். காற்று குறைந்தால் நாளைக்குக் கப்பல் வரும் என்றுதான் அது வந்து முடிந்தது.

மோர்வன் அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச் சொன்னாள். பார்க்கலாம் என்றார்.

பூட்ஸைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது.

"என்னப்பா சொன்னார்?"

டேவி சுவரில் சாய்ந்துகொண்டார். ஷீனாவுக்குப் பக்கத்தில் பேரப்பிள்ளைகளின் சத்தம் கேட்டது. அவள் அவர்களை அதட்டிவிட்டு மறுபடியும் அப்பா என்றாள்.

"அவங்களுக்குத் தெரியாதாம், ஷீனா" என்றார்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல." அவள் அழுதாள். அழுதுகொண்டே, கோடைவிடுமுறைக்குப் பிள்ளைகளைக் கூட்டி வருவதாகவும், கொள்ளுப்பாட்டியின் கல்லறைக்குப் பூ வைக்க வேண்டும் என்றும் சொன்னாள். டேவி எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். தெரிந்திருந்தால் உங்களை விட்டிருப்பாளா என்றாள். அதற்கும் ம் என்றார்.

போனை வைத்துவிட்டுக் கழற்றிய பூட்ஸையே மறுபடியும் மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். காற்று அடங்கியிருந்தது. ஈனப்போகிற ஆடுகளுக்கென்று அவர் விட்டுவைத்திருந்த புல்வெளியில் காட்டு வாத்துகள் இறங்கியிருந்தன. வேலி முதல் கடற்கரை மணல்வரை தரையே தெரியவில்லை. கையைத் தட்டினால் போதும், எல்லாம் கிளம்பிவிடும். தட்டாமல் படலில் கைவைத்து நின்றார். அருகில் இருந்த சில தலை தூக்கி அவரைப் பார்த்தன. பிறகு அவையும் குனிந்துகொண்டன. இருட்டுகிற வெளியில் ஆயிரம் அலகுகள் புல்லைப் பிடுங்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.