கேட் டிவியில் ஒரு லாகின்

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்தபோது எண்ணூர் கண்டெய்னர் யார்டில் டோக்கன் போடுவது நின்றது. லாகின் காலாவதி. டோக்கன் இல்லாமல் கண்டெய்னர் லாரி நகராது. இரண்டு மணிக்குத் துறைமுகத்தில் கேட்டை மூடிவிடுவார்கள். கப்பல் யாருக்காகவும் நிற்காது.

கம்பெனியின் கம்ப்யூட்டர் டிபார்ட்மெண்ட் என்பது தஹ்சீன் ஒருத்திதான். அவள் வண்ணாரப்பேட்டையில், வீட்டில் இருந்தாள். லேப்டாப்பில் கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து, யார்டு கம்ப்யூட்டருக்குள் நுழைந்து, லாகின் என்று அடித்தாள். பிரவுசரைத் திறந்துவிட்டேன், அங்கே அனுமதி கொடுங்கள் என்றது. அவளுடைய பிரவுசர் சும்மா கிடந்தது. லிங்கை எடுத்து அதில் ஒட்டி, அனுமதி கொடுத்தாள். பதில் யார்டுக்குப் போகாமல் அவள் லேப்டாப்பின் கதவையே தட்டிவிட்டு, ஆள் இல்லை என்று செத்து விழுந்தது.

பிரவுசர் திறந்திருந்தது யார்டு கேட்டில், அந்தக் கம்ப்யூட்டரின் திரையாக டோக்கன் நம்பர் ஓடும் டிவியில். அதன் மவுஸ் வாட்ச்மேன் கிருஷ்ணப்பனிடம். போன் போட்டாள்.

“நைனா, டிவில அனுமதின்னு ஒரு பட்டன் கீதா? அமுக்கு.”

“மாட்டேன்.”

“இன்னா மாட்டேன்?”

“போன்ல எவன் சொன்னாலும் அமுக்காத, நானே சொன்னாலும் அமுக்காதன்னு தஹ்சீன் பாப்பா கிளாஸ் எடுத்துச்சு. பிஸ்கட்டு கூட குடுத்துச்சு.”

“நான்தான் அந்த தஹ்சீன்!”

“அப்டித்தான் சொல்லுவாங்கன்னும் சொல்லிச்சு.”

பின்னால் ஹாரன்கள். அதற்கு மேல் டிரைவர் வல்லரசின் குரல்: “யோவ் பெர்சு, அமுக்கித் தொலையேன்யா! கப்பலு போச்சுன்னா நீ நீஞ்சிக்கினு போய் குடுப்பியா?”

கிருஷ்ணப்பன் ஹாரன் சத்தத்திலிருந்து தள்ளி வந்து பேசினார்.

“சரி, ஒண்ணு கேக்குறேன். தஹ்சீன் மொத நாள் வந்தப்போ நம்ம நாய் இன்னாத்த கடிச்சுது?”

“செருப்ப. ஒத்த செருப்போட வூட்டுக்கு வந்தேன் நைனா.”

“யம்மா, நீயா!”

மவுஸ் சத்தம் கேட்டது. கருப்புத் திரையில் ‘வெற்றி’ என்று வந்தது. அதன் கீழே கிருஷ்ணப்பனின் ஈமெயில். அதற்கும் கீழே: இந்தக் கணக்குக்கு டோக்கன் போடும் உரிமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தன் ஈமெயிலைப் போட்டு அந்த டிவியில் பாட்டு பார்ப்பது அவளுக்குத் தெரியும். பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டவளும் அவள்தான்.

“யார் கணக்குன்னு கேட்டு கம்பெனி பேரு, என் பேரு, ரெண்டும் வந்துச்சும்மா. அடுத்தவன் பேர்ல கை வெக்கலாமா? என்னுதுலயே அமுக்கிட்டேன். வெல்கம்னு சொல்லுது. லாரிய வுடட்டுமா?”