பதினொன்றில் எது

அலமாரியின் கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு நின்றவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உள்ளே பதினோரு விண்கலங்கள். உலோக வார்ப்பு, உள்ளங்கை அளவுதான், ஆனால் கனக்கும். வாசலில் ஆட்டோ காத்திருந்தது.

சற்று முன்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஆக்சிஜன் முகமூடிக்குள்ளிருந்து கணவர் கேட்டார். "அதை எடுத்துட்டு வா... வோஸ்..." மீதி முகமூடிக்குள்ளேயே நின்றுவிட்டது. எல்லாம் தெரிந்தவள்போலத் தலையாட்டிவிட்டு வந்தாள். இன்னொரு தரம் கேட்டிருக்கலாம். முப்பத்திரண்டு வருஷம் தூசி துடைத்தவளுக்குப் பேர் தெரியவில்லையா என்று நினைப்பாரே.

மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் வேலை அவருக்கு. ஞாயிற்றுக்கிழமை இவற்றின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கூப்பிட்டது காதில் விழாது.

"பேசாம இந்தப் பொம்மைங்களையே கட்டியிருக்கலாம்" என்பாள்.

"பொம்மை இல்ல, மாடல். இது ஒவ்வொண்ணும் நெசமா மேல போனது."

"போனதெல்லாம் திரும்பி வந்துச்சா?"

"சிலது வந்துச்சு."

அவளிடம் இருந்தது அவள் வைத்த பேர்கள்தான். நாலு மீசைக்காரன், சிலந்தி, குண்டுமணி, ரெக்கைக்காரி. ஒவ்வொன்றாகத் திருப்பி அடித்தட்டைப் பார்த்தாள். பொடி எழுத்து. மூக்குக்கண்ணாடியை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தாள். யாரையாவது படிக்கச் சொல்லலாம் என்றுகூடத் தோன்றவில்லை. தையல் மெஷினுக்கு அடியிலிருந்த வெட்டுத்துணிகளை அள்ளி, பதினொன்றையும் சுற்றிப் பைக்குள் திணித்தாள்.

"என்னம்மா, உள்ள இரும்பா?" என்றார் ஆட்டோக்காரர்.

"மெதுவாப் போப்பா, ஒடஞ்சிடும். இல்ல, வேகமாவே போ."

பாலத்தில் ஏறும்போது ஆஸ்பத்திரியில் இருந்த மகன் போனில் கூப்பிட்டான்.

"அம்மா, எங்க இருக்கீங்க?"

"வந்துட்டேன்டா. எது வேணும்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்லு. வோஸ்னு ஆரம்பிக்குமாம்."

அங்கே யாரோ கட்டிலை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"கேளேன்டா."

"நீங்க வாங்கம்மா."

அதன்பிறகு அவள் ஆட்டோக்காரரிடம் வேகமாகப் போகவும் சொல்லவில்லை, மெதுவாகப் போகவும் சொல்லவில்லை.

வார்டு வாசலில் மகன் நின்றிருந்தான். பையை வாங்கக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"பேரை முழுசாச் சொன்னாரா?"

"இல்லம்மா. நீங்க போனதும் கண்ண மூடினாரு. அப்படியே..."

அவள் வராந்தா பெஞ்சில் பையை இறக்கி, துணிகளைப் பிரிக்க ஆரம்பித்தாள். குண்டுமணி வெளியே வந்தது. பிறகு சிலந்தி, அதன் கால்கள் நான்கும் சமமாகப் பதியும்வரை நகர்த்தி நகர்த்தி வைத்தாள்.

"அம்மா, உள்ள வந்து அப்பாவைப் பாருங்க."

"இருடா. வெறுங்கையோட எப்படிப் போறது?"

அடுத்ததைப் பிரித்தாள். அதற்கடுத்ததையும். பெஞ்சில் இடம் குறைந்துகொண்டே வந்தது. மறுகோடியில் மருந்துச் சீட்டோடு உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.