செவலை தின்ற சோள ரொட்டி

அன்று காலையிலிருந்து பொற்கொடிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தடவை காபி போட்டு மூன்றையும் பாதியில் வைத்துவிட்டு மறந்தாள். தெருமுனைக்குப் போய் இலுப்பூர் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பதினொன்றரைக்கு வருகிறவர்களுக்கு ஏழு மணிக்கே என்ன எட்டிப் பார்ப்பது என்று கணவர் வீரய்யா கேட்டார். "தயிர்க்காரி வாராளான்னு பாத்தேன்" என்றாள். வீட்டில் செவலைப் பசு வைத்திருப்பவள் தயிர்க்காரியைத் தேடுவானேன் என்று அவர் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அந்த அளவுக்காவது புத்தி வந்திருந்தது.

வரப்போவது மகன் அரவிந்த்குமாரும் அவன் மனைவி லோராவும். இரண்டு வருடங்களுக்கு முன் அமெரிக்காவில், ஜார்ஜியாவில், கல்யாணத்தை முடித்துக்கொண்டுதான் அவன் போன் செய்தான். புதுப்பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் போட்டு, "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்றான். பொற்கொடி நன்றாகவே பண்ணினாள். "எவளோ ஒருத்தி என் வீட்டு வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்று சொல்லிப் போனை வைத்தாள். ஒரே வாரத்தில் கோபம் வடிந்துவிட்டது, சொன்ன சொல்தான் அப்படியே நின்றது. அதற்குப் பிறகு மகன் தீபாவளிக்குப் பேசினான், பொங்கலுக்குப் பேசினான், ஊருக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. இப்போது வருகிறான், அதுவும் எப்படி? "மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கெளம்பிருவோம்மா. திருச்சியில ரூம் போட்டிருக்கேன்."

பெற்றவள் வீடு இருக்க, லாட்ஜில் ரூம்! நினைக்க நினைக்க அவளுக்கு ஆறவில்லை. ஒரே ஒரு ராத்திரி இருவரும் இந்த வீட்டில் தங்கினால் போதும் என்றிருந்தது. ஆனால் இருந்துவிட்டுப் போங்கள் என்று எந்த வாயால் கேட்பது?

அதனால் வேறொன்றைக் கேட்டாள். "அந்தப் புள்ள என்னடா விரும்பிச் சாப்புடும்?"

மகன் சொன்னான். லோரா வீட்டில் விசேஷ நாளில் எல்லாரும் கூடி உட்கார்ந்தால் மக்காச்சோள ரொட்டியில் ஒரு பண்டம் உண்டாம், டிரெஸ்ஸிங் என்று பேராம். லோராவின் அம்மா செய்வாராம். போன வருடம் அவர் தவறிப்போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அதைச் செய்யவில்லையாம். செய்முறையை வாய்ஸ் மெசேஜாக அனுப்பினான். "ரொட்டியச் சுட்டு, உதுத்து, ஒரு நாள் நல்லாக் காயவிடணும்மா. புது ரொட்டியில செஞ்சா களியாயிரும். காஞ்ச பெறகு வெங்காயம், முட்டை, கோழிச்சாறு ஊத்திப் பெசஞ்சு மறுபடி வேகவைக்கணும்." அதை அவள் பதினோரு தடவை கேட்டாள்.

இதை அவள் ஒருவரிடமும் மூச்சுவிடவில்லை. வாசப்படி மிதிக்கக் கூடாது என்றவள் மருமகளுக்காக ரொட்டி சுடுகிறாள் என்றால் நாலு பேர் சிரிக்க மாட்டார்களா? மக்காச்சோளத்தை ரவை பதத்துக்குத் திரிக்கக் கொடுத்தபோது, "கோழித் தீவனமாக்கா?" என்று மில்லுக்காரர் கேட்டார். "ஆமாப்பா" என்று சொல்லிவிட்டாள்.

முந்தின நாள் மத்தியானம் மாவில் மோரும் முட்டையும் ஆப்பசோடாவும் கலந்து இருப்புச்சட்டியில் ஊற்றி, மூடிமேல் தணல் போட்டுச் சுட்டாள். மகன் சொன்ன வெளிநாட்டுத் தழைக்குப் பதிலாகக் கற்பூரவல்லி இலையைப் பறித்து வைத்தாள். ரொட்டியை உதிர்த்துச் சுளகில் பரப்பி, மெல்லிய துணி போட்டு மூடினாள்.

வெள்ளைக்கார மருமகளைப் பார்க்கவென்றே குடுமியான்மலையிலிருந்து இரண்டு நாள் முன்னதாக வந்து இறங்கியிருந்த நாத்தனார் முத்துமாரியம்மாள் துணியைத் தூக்கிப் பார்த்தாள். "என்னடி இது?"

"சும்மா செஞ்சு பாத்தேன் மதினி."

மறுநாள், அவர்கள் வருகிற அன்று, காலை எட்டு மணிக்குப் பொற்கொடி நாட்டுக்கோழி வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது சுளகு கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்தது.

"மதினி, இதுல இருந்தது எங்க?"

"அந்தக் காஞ்ச ரொட்டியா? மாட்டுக் கழனித் தொட்டியில போட்டேன். செவலை நக்கி நக்கித் தின்னுச்சு. மொத மொத வீட்டுக்கு வார புள்ளைக்கு நேத்துச் சுட்டதையா வப்பாக? ஊரு காறித் துப்பாது?" முத்துமாரியம்மாள் குடும்ப மானத்தைக் காப்பாற்றிய நிறைவோடு சொன்னாள்.

பொற்கொடி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். யாரைத் திட்டுவது? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாடு தின்றிருக்காது. இரண்டு நிமிடம்கூட உட்கார முடியவில்லை. எழுந்து மிச்சமிருந்த மாவைக் கரைத்தாள். அடுப்பு புகைந்தது. மணி பார்த்தாள், தணலைக் கிளறினாள், மறுபடி மணி பார்த்தாள். ரொட்டியைச் சூட்டோடு எடுத்துப் பிட்டாள். ஈரம் கையில் ஒட்டியது. அப்போது வாசலில் கார் வந்து நின்றது. ஒரு மணி நேரம் முந்தி வந்துவிட்டார்கள்.

மாவுக் கையோடு ஓடினாள். மகன் உள்ளே வந்துவிட்டான். அவன் தோளில் ஒரே ஒரு சின்னப் பை. சுடிதார் போட்ட வெள்ளைப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுப் படிக்குக் கீழேயே நின்றாள்.

"உள்ள வரலாமா, அத்தை?"

மரியாதைக்குக் கேட்கிறாள் என்றுதான் பொற்கொடி முதலில் நினைத்தாள். மகன் தலை குனிந்ததும் அவளுக்குப் புரிந்தது.

"அன்னைக்குப் போன்ல நான் சொன்னது ஒனக்குத் தெரியுமா?"

"அப்போ தெரியாது. அப்புறம் தமிழ் படிச்சேன். தெரிஞ்சுது." அவள் குரலில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் பொற்கொடியைச் சுட்டது.

"தப்பாச் சொல்லிட்டேம்மா. அன்னைக்கு என் புத்தி மேயப் போயிருச்சு. இது ஒன் வீடு. வா." மாவுக் கையாலேயே அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

உள்ளே வந்த லோரா மூக்கை உயர்த்தினாள். யாரும் கூப்பிடாமலே அடுப்படிக்குப் போனாள். இருப்புச்சட்டியைப் பார்த்தாள். ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டவள் மெல்லாமல் நின்றாள்.

"டிரெஸ்ஸிங்குக்குச் சுட்டேன். நேத்தே சுட்டுக் காயவச்சதை மாடு தின்னுருச்சு" என்றாள் பொற்கொடி.

"மாடா தின்னுச்சு? நான்தான் போட்டேன்" என்றாள் முத்துமாரியம்மாள்.

அரவிந்த்குமார் இங்கிலீஷில் விளக்கிச் சொன்னான். லோரா சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பொற்கொடி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, "இப்பவே பெசஞ்சா களியாத்தான் வரும். நீங்க மத்தியானமே போறீங்களே" என்றாள்.

லோரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுவரில் இருந்த சுளகை எடுத்து வைத்து, ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துப் பரப்பினாள். "இது நாளைக்குத்தான் காயும்" என்றாள்.

"லோரா, திருச்சியில ரூம்..." என்று இழுத்தான் அரவிந்த்குமார்.

"வேண்டாம்னு போன் பண்ணு" என்றாள் லோரா, சுளகிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பொற்கொடி விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு வீடே அதிர ஒரு சத்தம் போட்டாள்.

"மதினி! அந்தச் செவலைய அவுத்து அங்கிட்டுக் கொண்டுபோய்க் கட்டுங்க! நாளை வரைக்கும் அதுவும் நீங்களும் அந்தச் சுளகுப் பக்கம் வரப்படாது!"