மாஸ்டர் அளவெடுக்கிறார்

வியாதி இருந்தவரை மாஸ்டருக்கு ஒரு கவலையும் இல்லை. எப்போது சாப்பிட வேண்டும், எந்த மாத்திரையை விழுங்க வேண்டும், எந்தக் கையை நீட்ட வேண்டும் என்பதையெல்லாம் மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். கீமோ ஏற்ற நர்ஸ் இருந்தார். வாந்திக்கு வாளி பிடிக்க மனைவி இருந்தாள். மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்பார்கள். தையல் கடையைப் பார்த்துக்கொள்ள மனைவியின் தம்பி இருந்தான். மாஸ்டருக்கு என்று மிச்சமிருந்தது ஒரே வேலை, உயிரோடு இருப்பது. அதை அவர் ஒழுங்காகச் செய்து முடித்தார். குணமான பிறகுதான் தொல்லை தொடங்கியது.

"லிம்போமா, அந்த நெறிக்கட்டிப் புற்றுநோய், சுத்தமாப் போயிடுச்சு," என்றார் டாக்டர், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே. "இனிமே நார்மலா இருங்க. ஸ்கேனுக்கு நான் சொல்றப்ப வந்தாப் போதும். நடுவுல நீங்களே அப்பப்பக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, இந்த மூணு இடத்துலயும் தொட்டுப் பாத்துக்குங்க. நெறி கட்டின மாதிரி ஏதாவது தட்டுப்பட்டா உடனே வாங்க."

டாக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு என்ன தொழில் என்று அவர் கேட்கவில்லை. ஒரு தையல்காரனின் விரல்கள் விடிந்தால் அடைந்தால் போய்வரும் இடங்களே அந்த மூன்றுதான். சட்டைக் காலருக்குக் கழுத்து, கை வைக்க அக்குள், பேன்ட்டுக்குத் தொடை இடுக்கு.

'நார்மலா இருங்க' என்றால் எப்படி என்று யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்துக் கடைக்காரர் வந்து, "நீங்க ஒரு போராளி," என்று கையைக் குலுக்கினார். மாஸ்டருக்குத் தெரிந்து அவர் யாரோடும் போராடவில்லை. கையை நீட்டிக்கொண்டு படுத்திருந்தார், அவ்வளவுதான். ஒரு மருமகன் முறைக்காரர் சர்க்கரையை விடச் சொன்னார். இன்னொருவர் உப்பை விடச் சொன்னார். இருவர் சொல்வதையும் கேட்டிருந்தால் மாஸ்டர் இந்நேரம் சோற்றையே விட்டிருப்பார்.

வியாதி வருவதற்கு முன்னால், தனக்கென்று ஒரு சட்டைத் துணி எடுத்து வைத்திருந்தார். இளநீலம், நல்ல நயமான துணி. அது இன்னும் கட்டிங் மேசைக்கு மேலே அலமாரியில் மடித்தபடியே கிடந்தது. மனைவி கேட்கும்போதெல்லாம், "பாக்கலாம், பாக்கலாம்," என்பார். பழைய சட்டை, உள்ளே இன்னொரு ஆள் குடிவரலாம் போலத் தொளதொளத்தது. என்றாலும் அந்த நீலத்தில் கத்தரி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஏன் என்று அவருக்குத் தெரியும். யாரிடமும் சொல்லவில்லை.

கடைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே கை தன் வேலையைக் காட்ட ஆரம்பித்துவிட்டது. ஒரு வக்கீலுக்கு அக்குளில் டேப்பைப் பிடித்தவர், அங்கேயே விரலை விட்டுத் துழாவினார். வக்கீலுக்குக் கூச்சம் தாங்காமல் சிரிப்பு வந்து, பின்னாலிருந்த, பட்டன் துளை தைக்கும் காஜா மேசை வரை துள்ளிப்போனார். பேன்ட் தைக்க வந்த ஓய்வுபெற்ற அதிகாரிக்கு என்ன நடந்தது என்பதை விரித்துச் சொல்வது கதைக்கு அழகல்ல. அதற்குப் பிறகு அவர் ரெடிமேட் கடைக்கு மாறிவிட்டார் என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து வந்தவர் புதுமாப்பிள்ளை. கல்யாணத்துக்குக் கோட்டு தைக்க அப்பாவோடும் சித்தப்பாவோடும் வந்திருந்தார்.

மாஸ்டர் உற்சாகமாக ஆரம்பித்தார். "பக்கவாட்டுல உள்ள தாராளமாத் துணி விடு மாப்ளே," என்று மச்சினனிடம் சொன்னார். "பின்னால உடம்பு வைக்கும். பிரிச்சு விட்டுக்கலாம்." வளரும் பிள்ளைகளுக்கும் கல்யாணம் ஆகப்போகிறவர்களுக்கும் அவர் எப்போதும் சொல்வது இது. பிறகு டேப்பைக் கழுத்தில் சுற்றினார். விரல் தாடைக்குக் கீழே நின்றது.

"இங்க என்ன?"

"எங்க?" என்றார் மாப்பிள்ளை.

"சின்னதா ஒரு கட்டி. எத்தனை நாளா இருக்கு?"

சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நின்றுகொண்டிருந்த அப்பா உட்கார்ந்துவிட்டார். மாஸ்டர் தன்னால் ஆன மட்டும் ஆறுதல் சொன்னார். "பயப்படாதீங்க. எனக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது."

அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் பெண் வீட்டுக்குச் செய்தி போயிற்று. கல்யாணம் நிற்குமா நடக்குமா என்று இரண்டு குடும்பமும் பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் கிடந்தது. கடைசியில் பார்த்தால் மாப்பிள்ளைக்குச் சொத்தைப் பல். அதைப் பிடுங்கியதும் கட்டி வடிந்தது. கல்யாணமும் நடந்தது, வேறு கடையில் தைத்த கோட்டோடு.

மாஸ்டர் சந்தேகப்பட்ட கழுத்துகளில் ஒன்றுகூட உருப்படியாக நோய்க் கழுத்து இல்லை. ஒன்று கொசுக்கடி, ஒன்று கொழுப்புக் கட்டி, ஒன்று வெறும் குரல்வளை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆனால் ஊருக்கு இந்தக் கணக்கெல்லாம் எதற்கு? மாஸ்டர் தொட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று கிளப்பிவிட்டது. துணியே இல்லாமல் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒரு அம்மா புருஷனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, "தைக்க ஒண்ணுமில்ல மாஸ்டர், இவரு கழுத்தை மட்டும் கொஞ்சம் பாருங்க," என்றார். மாஸ்டரும் பார்த்தார். சொல்லப்போனால் கொஞ்சம் பெருமையாகவே பார்த்தார்.

அன்று மச்சினனுக்குப் பொறுமை போய்விட்டது.

"மச்சான், இது தையக்கடையா ஆஸ்பத்திரியா? இனிமே நீங்க அளவெடுக்க வேண்டாம். பட்டன் தைங்க."

சொல்லிவிட்டு, மாஸ்டரின் கழுத்தில் தொங்கிய டேப்பை உருவித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டான். வியாதியில் முடி போனபோதுகூட அவருக்கு இவ்வளவு அவமானமாக இல்லை. முடி என்ன, அது வளரும். டேப் இல்லாத மாஸ்டரை யார் மாஸ்டர் என்பார்கள்?

பட்டன் தைக்க ஒரு கை ஊசியோடு இருந்தது. சும்மா இருந்த இன்னொரு கைக்கு இப்போது ஊரார் கழுத்து கிடைக்கவில்லை. அது அவருடைய கழுத்துக்கே போனது. இடப்பக்கம், வலப்பக்கம், தாடைக்குக் கீழே, மறுபடியும் இடப்பக்கம். தொட்டுத் தொட்டுத் தோலே சிவந்துவிட்டது. அப்பப்ப என்று டாக்டர் சொன்னது மாஸ்டரிடம் வந்து எப்போதும் என்று ஆகியிருந்தது.

பின்னால் காஜா எடுத்துக்கொண்டிருந்த மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒரு நாள் கடை சாத்துகிற நேரத்தில் எழுந்து வந்தாள். தம்பியின் கழுத்திலிருந்து டேப்பை உருவினாள். அலமாரியிலிருந்து நீலத் துணியை இழுத்து மேசையில் போட்டாள்.

"எந்திரிங்க. அளவெடுக்கணும்."

"எதுக்கு இப்ப?"

"சட்டைக்கு."

"நல்ல துணி. வெட்டி எதுக்கு வீணாக்கணும்?" மாஸ்டர் ஊசியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "முழுசா இருந்தா நாளைக்கு உன் தம்பிக்காவது ஆகும்."

சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. மெஷினை மிதித்துக்கொண்டிருந்த மச்சினன் காலை நிறுத்தினான்.

"அவனுக்கு இந்தக் கலர் எடுக்காது," என்றாள் மனைவி. "இந்தப் பழைய சட்டையைத் துவைச்சுக் கொடியில போடறப்பல்லாம் அதைப் பாக்கவே முடியல. ஆள் இல்லாத சட்டை மாதிரியே தொங்குது. எந்திரிங்கன்னா எந்திரிங்க!"

மாஸ்டர் எழுந்தார். முப்பது வருஷத் தொழிலில் அவரை யாரும் அளவெடுத்ததில்லை. தன் அளவு தனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டார். டேப் கழுத்தைச் சுற்றியது. அவளுடைய விரல்கள் தாடைக்குக் கீழே வந்தன. மாஸ்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். இப்போது நிற்கும், இப்போது அமுக்கிப் பார்க்கும் என்று காத்திருந்தார்.

விரல்கள் நிற்கவில்லை. அளவைச் சொல்லிவிட்டுத் தோளுக்குப் போய்விட்டன.

"ஒரு விரல் உள்ள விட்டுப் பிடிக்கணும்," என்றார் மாஸ்டர், பொறுக்க முடியாமல். "இல்லன்னா காலர் கழுத்தை நெரிக்கும்."

"நெரிக்கட்டும். ஊரார் கழுத்தை எத்தனை நெரிச்சீங்க," என்றாள். ஆனாலும் திரும்ப ஒரு விரல் விட்டு அளந்தாள்.

கை, மார்பு, இடுப்பு எல்லாம் எடுத்து முடித்ததும் டேப்பை அவர் கழுத்திலேயே மாட்டிவிட்டாள். மாஸ்டரின் கை பழக்கத்தில் கழுத்துக்குப் போனது. டேப் தட்டுப்பட்டது. அதை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டுக்கொண்டார்.

மச்சினன் துணியை விரித்துச் சாக்பீஸால் கோடு போட்டான். பக்கவாட்டுக்கு வந்ததும் தலையைத் தூக்காமலே கேட்டான். "மச்சான், உள்ள எவ்வளவு விடட்டும்?"

"தாராளமா விடு மாப்ளே. பின்னால உடம்பு வைக்கும்."

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது. மாஸ்டர் திகைத்துப்போய் மனைவியைப் பார்த்தார். அவள் முகத்தைத் திருப்பி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அதான் மாஸ்டர் சொல்லிட்டாருல்ல," என்றாள் தம்பியிடம். "வெட்டு."