ஜாக்கி சுமந்த சுரைக்குடுக்கை

மேல்கோட்டைக் கோயில் பெருமாள் செல்வப்பிள்ளை சத்தியமாக, இதில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது. ஒரு சொல் கூடியிருந்தாலும் அவர் வைரக் கிரீடம் சூடி வரும் அடுத்த வைரமுடி சேவை என் கண்ணில் படாமல் போகட்டும்.

சுதந்திரம் வந்த புதிதில், மைசூரில் ரயில்வே குமாஸ்தாவாக இருந்த ஆழ்வார் வீட்டில் ஜாக்கி என்றொரு நாய் இருந்தது. அது மகள் பூமாவின் நாய். கல்யாணமாகிப் பூனாவுக்கு ரயிலேறும்போது, புருஷனை விட்டுப் பிரிவதுபோல் பூமா அதைக் கட்டிக்கொண்டு அழுதாள். புருஷன் பக்கத்திலேயே பெட்டியோடு நின்றுகொண்டிருந்தான்.

“அப்பா, கிணத்தைத் திறந்து போடாதே. ஏரியில செங்குத்துக் கரைப் பக்கம் விடாதே, அதுக்கு ஏற வராது. ஆத்துக்குப் போனா கயிறு கட்டிண்டு போ. ஆடிக்கு நான் வரச்சே ஜாக்கி முழுசா என் கைக்கு வரணும்.”

சீர்வரிசையில்கூட வாய் திறந்து எதுவும் கேட்காத பெண். அவள் கேட்டது இந்த ஒன்றுதான். ஆழ்வார் தலையாட்டிவிட்டு வந்தார். அன்றோடு அவர் தூக்கம் போயிற்று.

ஜாக்கிக்கோ தண்ணீர் என்றால் உயிர். அடுப்பில் சாத்தமது என்கிற ரசம் கொதிக்கும் சத்தத்துக்கே வாலாட்டும். ஆழ்வார் கிணற்றுக்குக் கம்பிவலை போட்டார். குக்கரஹள்ளி ஏரியில் சரிவான கரையாகப் பார்த்துக் கயிற்றோடு இறக்கினார். அது நீந்திய நீச்சலில் எழும்பிய அலை, எதிர்க்கரையில் துவைத்துக்கொண்டிருந்த மாதம்மாவின் புடைவைகளைத் தானே அலசிப் பிழிந்தும் வைத்தது. வெள்ளிக்கிழமை தோறும் நாயைத் தவறாமல் அனுப்பும்படி அவள் சொல்லியனுப்பினாள்.

நாயைத் தொட்டால் தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வரலாம் என்பது மனைவி பத்மாஸினியின் சட்டம். ஆனி முடிவதற்குள் ஆழ்வார் குளித்துக் குளித்து வெளுத்துப்போனதில், ஆபீஸில் யாரோ புது ஆள் மாற்றலாகி வந்திருப்பதாக நினைத்து அவருக்கு வேறு நாற்காலி போட்டார்கள்.

ஆடி பிறந்தது. பூமா வந்தாள். ஆடிப்பெருக்கன்று எல்லோரும் ஸ்ரீரங்கப்பட்டணம் புறப்பட்டார்கள். காவிரிக்குப் பூஜை செய்து, கரையிலேயே புளியோதரை கலந்து சாப்பிடுவது வழக்கம்.

நீச்சல் பழகுகிறவர்கள் முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை கட்டிக்கொள்வதை ஆழ்வார் பார்த்திருந்தார். விடியற்காலை இருட்டில் பரணைத் துழாவி இரண்டு குடுக்கைகளை எடுத்துவைத்துக்கொண்டார். ஒன்று கனத்தது. நன்றாக முற்றின காய் என்று சந்தோஷப்பட்டார். படித்துறைக்கு வந்ததும் ஜாக்கியின் இரண்டு விலாவிலும் பக்கத்துக்கு ஒன்றாகக் கட்டி, கழுத்துக் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

காவிரி இரு கரையும் தொட்டு ஓடியது. ஒரு வைக்கோல்போர் மிதந்து போயிற்று. அதன்மேல் இரண்டு பேர் வெற்றிலை மடித்தபடி, கடல் எப்போது வரும் என்று கரையில் இருந்தவர்களை விசாரித்துக்கொண்டு போனார்கள்.

பூஜை முடிந்து பூமா தேங்காயை ஆற்றில் விட்டாள். தனக்குத்தான் எறிகிறாள் என்று ஜாக்கி பாய்ந்தது. கயிறு அறுந்தது.

ஆழ்வார் கையில் ஒரு முழம் கயிறு மிஞ்சியது. பூமா அந்தக் கயிற்றைப் பார்த்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அதைவிடத் தாமே ஆற்றோடு போயிருக்கலாம் என்று இருந்தது அவருக்கு.

ஆனால் ஜாக்கி போகவில்லை. கனத்த குடுக்கைப் பக்கம் சாய்ந்து, நின்ற இடத்திலேயே சுற்றத் தொடங்கியது. மரங்களை உருட்டிப்போன வெள்ளத்தால் அந்தச் சுற்றை அசைக்க முடியவில்லை. சுழல் ஆழமாகி ஆற்றின் அடிமணல் தெரிந்தது. போன வருஷம் விழுந்த மூக்குத்தி ஒன்றை ஒரு மாமி அடையாளம் காட்டினாள்.

பரிசல்காரன் கெம்பையன் துடுப்பை எடுத்தான். சுழலில் மாட்டிய பரிசல் வலமாகச் சுற்றியது. நாய் இடமாகச் சுற்றியது. இரண்டும் முட்டிக்கொண்டபோது கணக்கு நேராகிச் சுழல் அப்படியே நின்றது. கெம்பையன் ஜாக்கியைக் கழுத்தோடு தூக்கிப் போட்டுக்கொண்டு கரை சேர்ந்தான்.

“ஏன் ஸ்வாமி, இது நாயா, செக்கா?”

பெருமாளைத் தவிர யாரையும் விழுந்து சேவிக்காத ஆழ்வார், ஈரப் படியில் நெடுக விழுந்து கெம்பையனைச் சேவித்தார். அவன் பயந்துபோய்ப் பரிசலுக்குள்ளேயே மறுபடி ஏறிக்கொண்டான்.

இதற்குள் பத்மாஸினி கூடையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். புளியோதரைக்கான புளிக்காய்ச்சலைக் காணோம். யாரும் தொட்டு மடி கெட்டுவிடக்கூடாதென்று அவள் அதைக் குடுக்கையில் அடைத்துப் பரணில் வைத்திருந்தாள்; புறப்படும் அவசரத்தில் கூடைக்கு மாற்றிவிட்டதாகவே நினைத்திருந்தாள். அவள் பார்வை கூடையிலிருந்து மெல்ல நகர்ந்து நாயின் விலாவில் போய் நின்றது.

ஆழ்வார் கண்ணை மூடிக்கொண்டார்.

பத்மாஸினி அடைப்பைப் பிடுங்கிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு விசும்பும் மகளையும் பார்த்தாள்.

“ஆடிப்பெருக்கன்னிக்குக் காவேரியில இத்தனை சுத்து தீர்த்தமாடி வந்திருக்கு. இதைவிட மடி ஏது? இலையைப் போடுங்கோ.”

முதல் இலை கெம்பையனுக்கு, அடுத்தது ஜாக்கிக்கு. காவிரிக்கும் கெம்பையனுக்கும் சுரைக்கொடிக்கும் மனைவிக்குமாக ஆழ்வார் கூப்பிய கையைப் பிரிக்கவே இல்லை. அதனால் பூமாதான் அவருக்கு ஊட்டிவிட்டாள்.

“முழுசாக் குடுத்துட்டேப்பா,” என்றாள்.

அடுத்த வைரமுடி சேவை எனக்குக் கிட்டாது என்றுதான் தோன்றுகிறது: மழை பொய்த்த அந்த ஆடியில், ஸ்ரீரங்கப்பட்டணத்துப் படித்துறையில் காவிரி கணுக்கால் அளவுதான் ஓடியது.