இடது தோளில் துப்பாக்கி

…அதெப்படி எல்லாரும் இடது கண்ணையே மூடுகிறார்கள், ஒருவர்கூட மாற்றி மூடவில்லையே, ஏழு பேர் சுட்டு முடித்தாயிற்று, ஏழு பேரும் ரைஃபிளை வலது தோளில் முட்டுக்கொடுத்து, வலது கன்னத்தை அதன்மேல் சாய்த்து, வலது கண்ணால்தான் குறி பார்த்தார்கள், எட்டாவது ஆள் நான், என்ன செய்யப்போகிறேன்? எனக்கு வலது கண் தெரியாது. பார்த்தால் யாரும் சொல்லமுடியாது, நல்ல கண்தான், சுர்மா போட்டால் இடது கண்ணைவிட எடுப்பாகவே இருக்கும், ஆனால் வெளிச்சமும் நிழலும் தவிர அதற்கு வேறொன்றும் பிடிபடாது, பிறந்ததிலிருந்தே அப்படி. உம்மாவுக்குத் தெரியும், வாப்பாவுக்குத் தெரியும், தஞ்சாவூர் கண் டாக்டருக்குத் தெரியும், அல்லாஹ்வுக்குத் தெரியும். கல்யாணமாகி எட்டு வருஷமாகியும் என் புருஷன் ராஜிக் மச்சானுக்குத் தெரியாது.

இந்த நினைப்பு ஒன்று இல்லாவிட்டால் இன்றைய நாளுக்கு என்ன குறை, ஜனவரி வெயில் இதமாக இருக்கிறது, ஜும்ஆ தொழுகை முடிந்ததும் இந்தக் கல்ஃப் ஊரில் நாங்கள் குடியிருக்கும் ரோலாவிலிருந்து கிளம்பினோம், டிக்கியில் நான் ஆக்கிய பிரியாணி சூடு ஆறாமல் இருக்கிறது, மச்சானின் கடைக்கு வந்துபோகும் ஒரு வாடிக்கையாளர் இந்த ஷூட்டிங் க்ளப்பின் குடும்பக் கூப்பனைக் கொடுத்திருக்கிறார், பிஸ்டல் பத்து தோட்டா, ரைஃபிள் பத்து தோட்டா, பிள்ளைகளுக்குக் காற்றுத் துப்பாக்கி. மகள் ஹஃபீஸாவுக்கு ஏழு வயசு, சுட்ட முதல் குண்டே அட்டையில் பட்டதும் "உம்மா, ஐ காட் ஹிம்!" என்று குதித்தாள், யாரைச் சுட்டாளோ தெரியவில்லை, ஸ்கூலில் ஏதாவது பையனாக இருக்கும். அடுத்து மச்சான். பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு நின்ற தோரணையைப் பார்த்தால் பட்டாளத்திலிருந்து நேற்றுத்தான் ரிட்டையரானவர் மாதிரி, விசையை இழுக்கும்போது மட்டும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டார்! பத்து தோட்டாவில் ஒன்றுகூட எங்கள் அட்டையில் இல்லை. பக்கத்து வரிசையில் சுட்ட மலையாளி தன் அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டு, "பத்து சுட்டேன், பன்னிரண்டு ஓட்டை இருக்கே, இது யாருடே?" என்று கேட்க, மச்சான் வானத்தைப் பார்த்தார். நான் தலையில் போட்டிருந்த ஷேலாவை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன், வயிறு வலித்தது, இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று.

பிஸ்டலில் எனக்குச் சிக்கல் வரவில்லை, கையை நீட்டித்தானே சுடவேண்டும், முகத்தைக் கொஞ்சம் திருப்பி இடது கண்ணுக்கு நேராக வைத்துக்கொண்டேன், யார் கவனிக்கப்போகிறார்கள், பத்தும் அட்டையில், நாலு நடு வட்டத்தில். சொல்லிக்கொடுக்கிற கௌஸ் முகம்மது ஹைதராபாத்காரர், மருதாணி போட்ட தாடி, "மாஷா அல்லாஹ் பாஜி" என்று, பாஜி என்றால் அவர்கள் பேச்சில் அக்கா, அட்டையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். திருப்புவது எனக்குப் புதிதா என்ன, வாழ்க்கையே அதுதான். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பிய போட்டோவில் முகத்தைத் திருப்பித்தானே உட்கார வைத்தார் உம்மா, "வெளியில மூச்சு விடாதே" என்றார், எங்கள் தெருவில் காது மந்தமான ஒருத்தியை கல்யாணமான நாற்பதாம் நாள் தாய்வீட்டிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்களே, அந்தப் பயம். அப்புறம் விசா மெடிக்கல். கல்ஃப் மெடிக்கல் என்றால் தலை முதல் கால்வரை பார்ப்பார்கள் என்று ஊரில் சொல்லித்தானே அனுப்பினார்கள், கண்ணையும் பார்த்துவிடுவார்கள் என்று நடுங்கி, ரோலாவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை வாசலில் நின்று சுவரில் மாட்டியிருந்த எழுத்து அட்டையை மேலிருந்து கீழ்வரை மனப்பாடம் செய்தேன், மூன்று நாள், கடைக்காரன் என்னைத் திருடி என்று நினைத்திருப்பான். கடைசியில் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சை எக்ஸ்ரே எடுத்தார்கள், கலாஸ், முடிந்தது, போ என்றார்கள்! அந்த எழுத்துகள் இன்றைக்கும் மறக்கவில்லை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இப்போது மச்சான் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயமெல்லாம் இல்லை, அது எப்போதோ போய்விட்டது, இது வேறு பயம், "எட்டு வருஷமா ஏன் புள்ள எங்கிட்ட சொல்லல?" என்று அவர் கேட்டால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன்? வருஷம் கூடக்கூட அந்தக் கேள்வியும் கனத்துக்கொண்டே போகிறது, முதல் வருஷமே சொல்லியிருந்தால் ஒரு நாள் கோபத்தோடு முடிந்திருக்கும்.

பாஜி, ஆயியே, என்று கௌஸ் முகம்மது கூப்பிட்டுவிட்டார். ரைஃபிளை ஏமாற்ற முடியாது, கன்னத்தை அதன்மேல் வைத்தாகவேண்டும், எந்தக் கன்னமோ அந்தக் கண், நான் முகத்தைத் திருப்பினால் ஊருக்கே தெரியும். காதுமூடியைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் வந்துவிட்டேன். எனக்கு வேணாம் மச்சான், தோளு வலிக்கும், நீங்களே சுடுங்க. "உம்மா, டோன்ட் பி ஸ்கேர்டு, ஈஸிதான்" என்கிறாள் ஹஃபீஸா, பயமா, எனக்கா, இவளுக்கு எப்படிச் சொல்வேன். மச்சான் என்னை ஒரு பார்வை பார்த்தார், கௌஸ் முகம்மதுவின் தோளில் கைபோட்டு அப்பால் அழைத்துப் போனார். அட்டை மாற்றுகிற நேரம், சுடுவது நின்று இடமே அமைதியாக இருந்தது, எல்லாரும் காதுமூடியைக் கழற்றிவிட்டார்கள், மச்சான் மட்டும் கழற்றவில்லை. தன் சத்தம் தனக்கே கேட்காத மனுஷன், ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கடைத்தெருவில் லோடு இறக்குகிறவர் மாதிரி கத்தினார், "பாய், உஸ்கோ ரைட் ஆங்க் நஹி தேக்தா, லெஃப்ட் சைட் தேதோ! மகர் மேரேகோ மாலூம் ஹை, உஸ்கோ நஹி போல்னா!" அவளுக்கு வலது கண் தெரியாது, இடது பக்கமாகக் கொடு, எனக்குத் தெரியும் என்று அவளிடம் சொல்லிவிடாதே… மலையாளி திரும்பிப் பார்த்தார், எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு நல்ல மனுஷர்கள், எல்லாரும் அவசரமாக வேறு பக்கம் பார்த்தார்கள். நான் சட்டென்று காதுமூடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். நான் கேட்கவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. நெஞ்சு மட்டும் அந்த மூடிக்குள் டம் டம்மென்று அடித்தது.

கௌஸ் முகம்மது திரும்பி வந்தார், தாடியைத் தடவிக்கொண்டார், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் போல, பாஜி, இந்த வரிசையில் வலது பக்கம் வெயில் கூசும், இங்கே எல்லாருக்கும் இடது தோளில்தான் கொடுப்போம், என்றார். வெயில் எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது! அப்படியா பாய், சரி, என்றேன். இடது தோள், இடது கன்னம், இரும்பும் எண்ணெயுமாக ஒரு வாசனை, குறி பார்க்கும் ஓட்டைக்குள் முள், முள்ளுக்கு மேலே அட்டையின் வட்டம், இத்தனை தெளிவாக எதையாவது பார்த்திருக்கிறேனா? கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு வட்டம் இரண்டு மூன்றாக ஆடியது, மெஹர்பானு, இப்போது அழாதே, அழுதால் குறி தப்பும். துடைத்துக்கொண்டு இழுத்தேன். தோளில் செல்லமாக ஒரு இடி. ஒன்பது குண்டு கறுப்பு வட்டத்தில், ஒன்று எங்கே போனதோ. மச்சான் விசில் அடித்தார், "எம் பொண்டாட்டி பாய்! எம் பொண்டாட்டி!" என்று தமிழ் தெரியாதவரிடமெல்லாம் சொன்னார், ஹஃபீஸா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஆடினாள், எனக்கு ஊரைக் கூட்டி ஒரு விருந்து போடவேண்டும் போலிருந்தது, அத்தனை சந்தோஷம், கூடவே அத்தனை வெட்கம்.

மிச்சமில்லாமல் பிரியாணியை முடித்துவிட்டுக் காருக்கு நடக்கிறோம், மச்சான் பிஸ்டல் பழசு, அதுதான் குறி தப்பியது என்று பேசிக்கொண்டே என் வலப்பக்கம் வருகிறார்… வலப்பக்கம். செருப்பில் மண் என்று குனிந்தேன், நிமிரும்போது இடம் மாறி அவரை இடப்பக்கமாக்கிக்கொண்டு நடந்தேன். நாலு எட்டு போயிருக்காது, பேச்சை நிறுத்தாமலே எனக்குப் பின்னால் சுற்றி மறுபடி வலப்பக்கம் வந்துவிட்டார். இன்னொரு தடவை மாறிப் பார்த்தேன், இன்னொரு தடவையும் வந்தார், அவருக்கே தெரியாமல் அவர் கால் செய்கிறது. எத்தனை வருஷத்துப் பழக்கம் இது? கேட்டுவிடலாமா? கேட்டால் அவர் மறைத்து வைத்ததையும் அல்லவா உடைக்கவேண்டும்… காரில் மட்டும் ஸ்டியரிங் இடப்பக்கம், அவர் வலப்பக்கம் உட்கார வழியில்லை. வண்டி எடுத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, "ரைட்ல பாரு புள்ள, ஒட்டகம், குட்டியோட நிக்கிது", கொஞ்சம் கழித்து, "ரைட்ல பெரிய பள்ளிவாசல் ஒண்ணு கட்டுறாங்க பாரு." எட்டு வருஷமாக இவரை வாயாடி என்றல்லவா நினைத்தேன், கொஞ்ச நேரம் சும்மா வாங்களேன் என்று எத்தனை தடவை சிடுசிடுத்திருக்கிறேன். நான் மறைத்தது பயத்தில். இவர் எதற்காக மறைத்தார்? என் பயமும் இவருக்குத் தெரியுமா, முதல் நாளிலிருந்தே தெரியுமா?

"என்ன புள்ள, தனியா சிரிக்கிறே?"

"ஒண்ணுமில்ல மச்சான். நீங்க சொல்லிக்கிட்டே வாங்க."